பத்து நொடிக்குள் பதில்: டார்ட்மத் கல்லூரியும் பேசிக் மொழியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

புரோகிராமிங் கற்றுக்கொள்ள முதலில் எந்த மொழி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பைத்தான் என்பார் ஒருவர். சி தெரியாமல் அஸ்திவாரமே கிடையாது என்பார் இன்னொருவர். இதே கேள்வியை ஒரு கல்லூரி முழுவதற்குமாகக் கேட்டு, அதற்காகப் புதிதாக ஒரு மொழியை எழுதி, அது ஓடுவதற்கேற்பக் கணினியையும் மாற்றி அமைத்து, பாடத்திட்டத்திலும் சேர்த்துப் பார்த்த ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹானோவர் என்ற சிற்றூர் அது. அங்குள்ள டார்ட்மத் கல்லூரியில் 1964இல் பேசிக் பிறந்தது.

பேசிக் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். அதைச் சுற்றி அங்கே செய்திருந்த ஏற்பாடுகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. கணினியையே பார்த்திராத மாணவர்கள் நிரல் எழுதப் பழகியதில் மொழிக்கு இருந்த பங்கைவிட அந்த ஏற்பாடுகளுக்கு இருந்த பங்கு பெரிது என்பது என் முடிவு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அங்கே நடந்ததைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

கணக்குத் துறையில் தொடங்கியது

ஜான் கெமனி 1926இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1940இல் அவருடைய குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்தபோது லாஸ் அலமோஸ் அணுகுண்டுத் திட்டத்தின் கணக்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே துளையட்டை (தகவலைத் துளைகளாகப் பதிந்த அட்டை) இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஷிஃப்ட் போட்டு இரவு பகலாகக் கணக்குப் போடுவார்கள். ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை வர வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் சில காலம் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தார். 1953இல் டார்ட்மத்தில் சேர்ந்து கணிதத் துறைத் தலைவரும் ஆனார். தாமஸ் கர்ட்ஸ் 1928இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர், புள்ளியியல்காரர். 1956இல் டார்ட்மத் வந்தார்.

அப்போது கல்லூரியில் கணினி கிடையாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஐபிஎம் 704தான் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் கதி. கர்ட்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துளையட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் பாஸ்டனுக்குப் போவார். அட்டைகளைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே விடையை வாங்கிக்கொண்டு திரும்புவார். விடை என்பது பெரும்பாலும் ஒரு பிழைச்செய்தியாகத்தான் இருக்கும். ஒரு காற்புள்ளி தவறிப்போயிருந்தால் அதைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்க அடுத்த இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காலகட்டத்தில் கர்ட்ஸுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு கணக்கை அவர் முதலில் அசெம்பிளி மொழியில், அதாவது இயந்திரத்தின் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே சொல்லும் மொழியில் எழுதினார். கணினியைத் திறமையாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அப்போது நினைத்தார்கள். பலமுறை ஓட்டி, விலைமதிப்புள்ள கணினி நேரத்தில் ஒரு மணிக்கு மேல் கரைந்தும் விடை வரவில்லை. அதே கணக்கை, சூத்திரங்களைப் போலவே எழுதக்கூடிய ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியபோது சுமார் ஐந்து நிமிடக் கணினி நேரத்தில் முடிந்துவிட்டது. மனிதருக்கு எளிதான மொழி இயந்திரத்தின் நேரத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்துகிறது என்பது அன்றைக்குப் புதிய செய்தி.

1959இல் கல்லூரிக்கு எல்ஜிபி-30 என்ற சிறு கணினி வந்தது. நான்காயிரத்துச் சொச்சம் சொற்கள் கொள்ளும் டிரம் நினைவகம்தான் அதில் இருந்தது. ஆனாலும் இளங்கலை மாணவர்கள் அதன் மேல் அல்கால் என்ற நிரல்மொழியைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் மொழிமாற்றியையே எழுதிக் காட்டினார்கள். படித்துக்கொண்டிருக்கும் பையன்களால் இவ்வளவு முடியும் என்று அந்தத் துறை அப்போது கற்றுக்கொண்டது பிற்பாடு மிகவும் உதவியது. 1962இல் கெமனியும் சிட்னி மார்ஷல் என்ற மாணவரும் சேர்ந்து டோப் என்றொரு மிக எளிய மொழியைச் சோதித்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னுமாகச் செய்து பார்த்த இப்படிப்பட்ட முயற்சிகள் இல்லாமல் பேசிக் வந்திருக்காது.

யாருக்காக

டார்ட்மத் மாணவர்களில் அறிவியல், பொறியியல் பக்கம் போனவர்கள் கால்வாசிப் பேர்தான். மற்றவர்கள் வரலாறு, இலக்கியம், பொருளாதாரம் என்று படித்தார்கள். நாளைக்கு அரசிலும் நிறுவனங்களிலும் முடிவெடுக்கப்போகிறவர்கள் இந்த முக்கால்வாசிப் பேர், கணினி என்றால் என்னவென்றே தெரியாமல் அவர்களை வெளியே அனுப்பக் கூடாது என்று இருவரும் உறுதியாக இருந்தார்கள். கணினியைப் பற்றி விரிவுரை நடத்தினால் போதாது, ஒவ்வொருவரும் தன் கையால் நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்றார்கள். கல்லூரி நூலகத்தில் மாணவன் யார் அனுமதியும் கேட்காமல் உள்ளே போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொள்கிறான் அல்லவா, கணினியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். காசு கேட்கக் கூடாது, என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்கக் கூடாது.

இதில் முக்கியமானது அந்தக் கால்வாசி–முக்கால்வாசிக் கணக்கு. அறிவியல் மாணவன் வேறு வழியில்லாமல் எந்தச் சிரமத்தையும் பொறுத்துக்கொள்வான். வரலாறு படிக்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவனை மனதில் வைத்து வடிவமைத்ததால்தான் ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் தேடிப்பிடித்து அகற்ற வேண்டியிருந்தது.

துளையட்டைக் கட்டு, வரிசை, காத்திருப்பு என்ற முறையில் நூற்றுக்கணக்கான மாணவர்களைச் சமாளிக்க முடியாது. முன்பு டார்ட்மத்தில் வேலை பார்த்துவிட்டு மாசசூசெட்ஸ் போயிருந்த ஜான் மெக்கார்த்தி, நேரப்பகிர்வு முறையைச் செய்து பாருங்கள் என்று கர்ட்ஸிடம் சொன்னார். ஒரே கணினி பல டெலிடைப்களுக்கு (கணினியோடு கம்பியால் இணைத்த தட்டச்சு இயந்திரங்களுக்கு) மாறி மாறிச் சில நொடிகள் ஒதுக்கும். உட்கார்ந்திருப்பவருக்குக் கணினி முழுவதும் தனக்கே சொந்தம் போலத் தோன்றும். தேசிய அறிவியல் அறக்கட்டளை 3 லட்சம் டாலர் அளவுக்கு நிதி கொடுத்தது. இளங்கலை மாணவர்களை வைத்தா இவ்வளவு பெரிய மென்பொருளை எழுதப்போகிறீர்கள் என்று மதிப்பீட்டாளர்களுக்குச் சந்தேகம் இருந்தது. எழுதியது அவர்கள்தான். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஜிஇ-225 கணினியும், தகவல் தொடர்புக்கான டேட்டாநெட்-30 என்ற இன்னொரு கணினியும் 1964 தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. ஜான் மெக்கீச்சி, மைக் புஷ் என்ற இரண்டு மாணவர்கள் இரண்டையும் இணைத்து இயங்குதளத்தை எழுதினார்கள். 1964 மே 1 அதிகாலை 4 மணிக்கு, காலேஜ் ஹால் கட்டடத்தின் அடித்தளத்தில், கெமனியும் ஒரு மாணவரும் பக்கத்துப் பக்கத்து டெலிடைப்களில் ஒரே நேரத்தில் 'ரன்' என்று அடித்தார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது.

மொழிக்குள் என்ன செய்தார்கள்

பேசிக்கில் தொடக்கத்தில் பதினைந்துக்கு மேற்படாத கட்டளைகளே இருந்தன. ஒரு சின்ன நிரலைப் பாருங்கள் (ஆங்கிலக் கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்):

10 ஃபார் எக்ஸ் = 1 டூ 10
20 பிரிண்ட் எக்ஸ், எக்ஸ் * எக்ஸ்
30 நெக்ஸ்ட் எக்ஸ்
40 எண்ட்

'ரன்' என்று அடித்தால் ஒன்று முதல் பத்து வரை எண்களும் அவற்றின் வர்க்கங்களும் இரண்டு பத்திகளாக அச்சாகும். வர்க்கம் வேண்டாம், வர்க்கமூலம் வேண்டும் என்றால் மறுபடி 20 என்று தொடங்கிப் புது வரியை அடித்தால் போதும், பழைய 20 போய்விடும். இடையில் ஒரு வரி சேர்க்க 25 என்று தொடங்கலாம். வெறுமனே 20 என்று மட்டும் அடித்தால் அந்த வரியே அழிந்துவிடும். திருத்துவதற்கென்று தனியாக எந்த மென்பொருளையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வரி எண்ணைப் பிற்காலத்தில் எல்லோரும் பழித்தார்கள். ஆனால் திரை என்பதே இல்லாமல் தாளில் அச்சடிக்கும் டெலிடைப்பில், முதல் நாள் வந்த மாணவனுக்கு இதைவிட எளிதான எடிட்டர் ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஃபோர்ட்ரானில் இதே லூப்பை (திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் பகுதியை) எழுத வேண்டுமானால் மூன்று எண்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாகத் தர வேண்டும். தொடக்கம், முடிவு, படி என்பதா, தொடக்கம், படி, முடிவு என்பதா? வரி அடையாள எண்ணுக்குப் பிறகு காற்புள்ளி உண்டா, இல்லையா? பழகியவருக்கு இது ஒன்றுமே இல்லை. மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். 'ஃபார் எக்ஸ் = 1 டூ 10 ஸ்டெப் 2' என்பதில் மறக்க எதுவும் இல்லை.

'லெட்' என்ற கட்டளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எக்ஸ் = எக்ஸ் + 1 என்று கணக்கு வகுப்பில் எழுதினால் வாத்தியார் அடித்துவிடுவார், அது பொய்யான சமன்பாடு. 'லெட் எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுதும்போது, எக்ஸுக்கு இனி இந்த மதிப்பை வை என்று கணினிக்கு இடும் ஆணை அது என்பது தெளிவாகிவிடுகிறது. கெமனியும் கர்ட்ஸும் கணக்கு வாத்தியார்கள், எந்த இடத்தில் பிள்ளைகள் முழிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பிற்கால பேசிக்குகளில் தட்டச்சு வேலை மிச்சம் என்று லெட்டை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். புதிதாகக் கற்பவருக்கு அது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன். இன்றைக்குப் பைத்தான் வகுப்பிலும் முதல் வாரத்தில் மாணவர்கள் தடுமாறுகிற இடம் இந்தச் சமக்குறிதான்.

முழு எண், தசம எண் என்ற பிரிவை பேசிக் மாணவனிடம் காட்டவே இல்லை. எல்லாமே எண். அச்சிடும்போது முழு எண்ணாக இருந்தால் புள்ளி இல்லாமல் அச்சிடும், இல்லாவிட்டால் புள்ளியோடு. ஃபோர்ட்ரானில் எத்தனை இடம், எத்தனை தசமம் என்று ஃபார்மட் எழுதித் தர வேண்டியிருந்தது. இங்கே காற்புள்ளி போட்டாலே 15 எழுத்து அகலத்தில் பத்தி பிரிந்துவிடும். வரிக்குள் எங்கே இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் கவலையில்லை, தட்டச்சுப் பழக்கம் இல்லாதவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. உள்ளே நுழைய 'ஹலோ', வெளியே போக 'பை'. பிழைச்செய்திகளும் சுருக்கமானவை: 'ஃபார் இருக்கிறது, நெக்ஸ்ட் இல்லை', 'டேட்டா இல்லை' என்கிற அளவில். எத்தனை தவறு இருந்தாலும் ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் காட்டுவதில்லை என்றும் வைத்திருந்தார்கள். முதல் தவறைத் திருத்தினாலே பின்னால் வருபவற்றில் பாதி போய்விடும் என்பது தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

மொழிக்கு வெளியே என்ன செய்தார்கள்

டார்ட்மத் வெற்றியின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பதில் வர சராசரியாகப் பத்து நொடிக்கு மேல் ஆனால், இது என் சொந்தக் கணினி என்ற உணர்வே மாணவனுக்குப் போய்விடும் என்று 1968இல் கெமனியும் கர்ட்ஸும் எழுதினார்கள். முழு அமைப்பும் அந்தப் பத்து நொடியைக் காப்பாற்றவே கட்டப்பட்டது. சிறிய நிரல்கள் முன்னால் போகும், நீண்ட கணக்குகள் காத்திருக்கும். மாணவன் 'ரன்' அடிக்கும் ஒவ்வொரு முறையும் நிரல் புதிதாக மொழிமாற்றம் செய்யப்பட்டு உடனே ஓடும், நடுவில் நடப்பது எதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டு வாரம் காத்திருக்கிறவர் என்ன செய்வார்? ஒவ்வொரு வரியையும் பத்துமுறை சரிபார்த்துவிட்டு, பயந்து பயந்து அட்டையைக் கொடுப்பார். தெரிந்ததைத் தவிர எதையும் முயன்று பார்க்க மாட்டார். பத்து நொடியில் பதில் வருகிறவர், இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவார். தவறு செய்வது மலிவாகிறபோதுதான் தொடக்கநிலை மாணவன் துணிகிறான். எத்தனையோ வகுப்புகளில் மொழியை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லாமல் போவதற்கு, இந்த ஒன்றைக் கவனிக்காததே காரணம் என்று நினைக்கிறேன்.

பாடத்தில் சேர்த்த விதமும் கவனிக்கத்தக்கது. கணினிக்கென்று தனிப்பாடம் வைக்கவில்லை. பெரும்பாலான முதலாண்டு மாணவர்கள் எப்படியும் எடுக்கிற கணக்குப் பாடத்துக்குள்ளேயே நுழைத்தார்கள். ஓரிரு விரிவுரைகள், ஒரு சிறு கையேடு, அப்புறம் நேராக டெலிடைப் முன்னால். குறிப்பிட்ட சில நிரல்களை எழுதி ஓட்டிக் காட்டினால் போதும். இப்படி ஒவ்வோர் ஆண்டும் நுழைகிற மாணவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் நிரல் எழுதிப் பழகினார்கள். பாடத்தில் இருந்த கணக்கையே நிரலாக எழுதியதால், எதற்காக இதைக் கற்கிறோம் என்ற கேள்வி எழவே இல்லை.

விளையாட்டையும் தடுக்கவில்லை. 1965இல் டார்ட்மத் அணி பிரின்ஸ்டனைத் தோற்கடித்ததையொட்டிக் கால்பந்து விளையாட்டு நிரல் ஒன்றைக் கெமனியே எழுதினார். அவர்கள் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. துறைத் தலைவரே விளையாட்டு எழுதினால் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? டெலிடைப் அறைகள் எப்போதும் நிறைந்திருந்தன. 1966இல் கீவிட் கணினி மையத்துக்குத் தனிக் கட்டடம் வந்தது. ஹானோவர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிப் பல பள்ளிகளுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு போனது.

குறைகளும் உண்டு. டார்ட்மத் அப்போது ஆண்கள் மட்டும் படித்த, வசதியான கல்லூரி. 1972இல்தான் பெண்களைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கணினி என்ற லட்சியம், அந்த எல்லோரும் யார் என்ற கேள்வியை நெடுநாள் கேட்டுக்கொள்ளவில்லை. அரசு நிதியும் கணினி நிறுவனத்தின் ஒத்துழைப்பும் இல்லாத இடத்தில் இதை அப்படியே செய்திருக்கவும் முடியாது.

மொழி மட்டும் வெளியே போனபோது

டார்ட்மத் பேசிக்கைக் காசாக்க முயலவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் நேரப்பகிர்வுச் சேவை வழியாக அது நாடெங்கும் பரவியது. 1968இல் சியாட்டில் நகரின் லேக்சைடு பள்ளியில் 13 வயது பில் கேட்ஸ் டெலிடைப்பில் முதலில் எழுதிப் பார்த்தது பேசிக்கில்தான். 1975இல் அவரும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற சிறு கணினிக்காக 4 கிலோபைட் நினைவகத்தில் அடங்குகிற பேசிக்கை எழுதினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் வந்த வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றைப் போட்டதும் முதலில் தெரிந்தது பேசிக்தான்.

வெளியே போனது மொழி மட்டும். அதுவும் சிறிய நினைவகத்துக்காக வெட்டிச் சுருக்கப்பட்ட மொழி. இந்த வரிக்குத் தாவு என்று சொல்லும் 'கோ டூ' கட்டளை இருபது வரி நிரலுக்கு ஒத்துவந்தது, ஐந்நூறு வரி ஆனதும் சிக்கலாகப் பின்னிக்கொண்டது. மாறியின் (மதிப்பை வைத்திருக்கும் இடத்தின்) பெயருக்கு ஓர் எழுத்து, மிஞ்சினால் கூட ஓர் இலக்கம் என்பது கணக்குப் பாட நிரலுக்குப் போதும், சம்பளப் பட்டியலுக்குப் போதாது. பேசிக் படித்த மாணவர்களை நல்ல நிரலாளர்களாக ஆக்குவது ஏறக்குறைய இயலாத காரியம் என்று 1975இல் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கடுமையாக எழுதினார். அவர் சொன்னதில் மொழியைப் பற்றிய பகுதி நியாயம்தான், மாணவர்களைப் பற்றிய பகுதி நியாயமில்லை. பேசிக்கில் தொடங்கிப் பிறகு நல்ல நிரலாளர் ஆனவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

இதற்குள் டார்ட்மத்தில் மொழியைத் திருத்திக்கொண்டே வந்திருந்தார்கள். வெளியே சந்தையில் ஓடிக்கொண்டிருந்த பேசிக்குகளைப் பார்த்துக் கெமனியும் கர்ட்ஸும் வேதனைப்பட்டு, வரி எண் தேவைப்படாத ட்ரூ பேசிக்கை 1985இல் வெளியிட்டார்கள். காலம் கடந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பேசிக்கோடு போய்விட்டிருந்தது. கெமனி 1992இல் காலமானார், கர்ட்ஸ் 2024 நவம்பரில்.

நம் வகுப்பறைக்கு

இந்தியாவில் 1984இல் பள்ளிகளுக்கான கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ என்ற சிறு கணினிகள் வந்தபோது கூடவே பேசிக்கும் வந்தது. ஒரு பள்ளிக்கு ஒரு சில கணினிகள்தான். மொழி வந்துவிட்டது, பத்து நொடி வரவில்லை. இன்று தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்பு கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், 12ஆம் வகுப்பில் பைத்தான். முதல் மொழியாகப் பைத்தான் நல்ல தேர்வுதான். பேசிக் மறைத்துவைத்த சில விஷயங்களைப் பைத்தான் முதல் நாளே முகத்துக்கு நேரே காட்டிவிடுகிறது: இன்புட் கொடுத்து 5, 5 என்று இரண்டு எண்களை வாங்கிக் கூட்டினால் 10 வராமல் 55 வரும், ஏனென்றால் அது வாங்கிவைத்திருப்பது எழுத்துகளை. சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடுகிற சிக்கல் இது.

தீராத சிக்கல் ரெக்கார்டு நோட்டு. நிரலை முதலில் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, வாரத்துக்கு ஒரு பீரியடு லேபில் இரண்டு மூன்று பேர் ஒரு கணினி முன் உட்கார்ந்து, அதே நிரலைப் பார்த்து அடித்து, விடை வந்ததும் எழுந்துவிட வேண்டும். கர்ட்ஸ் துளையட்டைப் பெட்டியோடு ரயிலேறிய நாள்களுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிழை வந்தால் அதைத் துருவிப் பார்க்கப் பிள்ளைக்கு நேரம் இல்லை, தனியாக மாற்றிப் பார்க்க இடமும் இல்லை.

சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே இன்று பைத்தான் ஓடுகிறது, இணையம்கூட வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் நோட்டை மூடி வைத்துவிட்டு, மேலே உள்ள வர்க்க அட்டவணையைப் பைத்தானில் அடிக்கச் சொல்லலாம். பத்தை நூறாக்கட்டும். வர்க்கத்தைக் கனமாக (மூன்றாம் அடுக்காக) மாற்றட்டும். முக்காற்புள்ளியை எடுத்துவிட்டு என்ன திட்டு வருகிறது என்று பார்க்கட்டும். பக்கத்துப் பையனின் நிரலில் ஒரு எழுத்தை மாற்றி வைத்துவிட்டு, எங்கே கோளாறு என்று அவனைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். பொருளாதாரமோ வணிகவியலோ படிக்கிற பிள்ளைகளாக இருந்தால், அவர்கள் பாடத்தில் வருகிற கூட்டுவட்டிக் கணக்கையே முதல் நிரலாக வைக்கலாம். ரெக்கார்டு நோட்டு மூன்றாவது வாரம் வரட்டும்.